செருப்பின் ஓரத்தில் போட்ட குறி

பள்ளியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிமார்களுக்கு,

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மிஷன் பள்ளியில் நான்காம் வகுப்பு வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு கத்தி பிடித்தே பழகிய கை. பேனா பிடித்தால் எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. பிழைகளும் நிறைய இருக்கும். படிக்கும்போது நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

முட்டி வாதத்தால் ஐம்பது வயதிலேயே நான் வேலையை விட்டு நின்ற அன்று, எனக்கு மாலை போட்டு, இரண்டு வார்த்தை பேசும்படி கேட்டீர்கள். எழுந்து நின்றேன், கும்பிட்டேன், உட்கார்ந்துவிட்டேன். நாலு பேர் சேர்ந்து என் முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு எழும்பாது. அன்றைக்குச் சொல்ல நினைத்தது ஒரே ஒரு சங்கதிதான். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

கோர்ட்டு தண்டித்த சின்னப் பையன்களைப் பெரிய கைதிகளோடு அடைக்கக் கூடாது, தனியே வைத்துப் படிப்பும் தொழிலும் சொல்லித்தர வேண்டும் என்று சர்க்கார் சட்டம் கொண்டுவந்தபோது ஏற்பட்ட பள்ளி நம்முடையது. அதற்குத் தோல் வேலை தெரிந்த ஆள் வேண்டுமென்று கேட்டார்கள். நான் அப்போது ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் இருந்தேன். சுண்ணாம்புத் தண்ணீரில் நின்று நின்று கால் வெந்துபோயிருந்தது. சர்க்கார் வேலை, நிழலில் உட்காரும் வேலை என்று வந்துவிட்டேன். பையன்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தோலைப் பற்றித்தான் தெரியும். நான் செய்த தப்பும் அதிலிருந்தே வந்தது.

கோவிந்தனைப் பற்றிச் சொல்கிறேன். மாதனூர்ப் பக்கத்துப் பையன். தகப்பன் இல்லை. தாய் ஆம்பூரில் ஒரு ஷாப்பில் தோலுக்குப் போடும் ஆவாரம்பட்டை இடித்துக்கொண்டிருந்தாள். காயப்போட்டிருந்த ஆட்டுத் தோல்களைச் சுருட்டிக்கொண்டு போய் விற்றதற்காக அவனை நம்மிடம் அனுப்பினார்கள். அப்போது பதிமூன்று வயது. கைவேலை படு சுத்தம், வாய் அதற்கு நேர் எதிர். எனக்கு ‘ஊமை மேஸ்திரி’ என்று பெயர் வைத்ததே அவன்தான்.

அவன் வந்த புதிதில், ஒருநாள் வேலை முடிந்து கத்திகளை எண்ணினால் ஒன்று குறைகிறது. வார்டர் எல்லோரையும் வரிசையில் நிறுத்திச் சோதனை போட வேண்டும் என்றார். கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டு, நான் என் பலகையில் போய் உட்கார்ந்தேன். என்ன பேசுவதென்று தெரியாததால்தான் உட்கார்ந்தேன், வேறு யோசனை எதுவும் இல்லை. சாப்பாட்டு மணி அடித்தது. நான் எழுந்திருக்கவில்லை. பையன்களும் எழுந்திருக்கவில்லை. பசி தாங்காமல் ஒருத்தன் முனகினான். கடைசியில் கோவிந்தன் எழுந்து போய், துண்டுத் தோல் குவியலுக்கு அடியிலிருந்து கத்தியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தான்.

“நீங்க கூவுவீங்களான்னு பாத்தேன் மேஸ்திரி. கூவவும் மாட்றீங்க, அடிக்கவும் மாட்றீங்க. இன்னா மனுஷன் நீங்க? எங்களுக்குப் பசிக்குது, வாங்க.”

அன்றிலிருந்து அவன் என் பக்கத்துப் பலகை. என் வாயில்லாத்தனம் ஒரு நல்ல குணம் என்று அன்றைக்கு நானே நம்பிவிட்டேன். அது எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதைப் பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

தோல் ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. பல வியாபாரிகளின் தோல் ஒரே குழியில் ஊறும். மை போட்டு எழுதினால் சுண்ணாம்பு தின்றுவிடும். அதனால் வால் பக்கத்து ஓரத்தில் கத்தியால் வெட்டுப் போடுவோம், ஓட்டை குத்துவோம். ஒருவருக்கு ஒரு வெட்டு, இன்னொருவருக்கு மூன்று ஓட்டை என்று ஆளுக்கு ஒரு குறி. பழகினவர்கள் கண்ணால் பார்க்கக்கூட மாட்டார்கள். கலங்கின தண்ணீருக்குள் கைவிட்டு, கட்டைவிரலால் ஓரத்தைத் தடவியே இது இன்னார் சரக்கு என்று சொல்வார்கள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோலில் கை வைத்த எவனுக்கும் இது மூச்சு விடுவது மாதிரி.

நம் பள்ளியில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. வெளியே போகும் ஒவ்வொரு பையனும் தன் கையாலேயே ஒரு ஜோடி செருப்பு தைத்து அதைப் போட்டுக்கொண்டுதான் போவான். அந்தச் செருப்பின் குதிகால் ஓரத்தில் நான் ஒரு குறி போட ஆரம்பித்தேன். இரண்டு வெட்டு, ஒரு ஓட்டை. யாரும் என்னைப் போடச் சொல்லவில்லை. சரக்கு நன்றாக வந்தால் குறி போட்டுத்தானே அனுப்புவோம்? அந்தப் பெருமைதான். அந்த வருஷம் வேலூரில் நடந்த கண்காட்சியில் நம் பள்ளிச் செருப்புகளை விற்பனைக்கு வைத்தார்கள். அவற்றிலும் அதே குறிதான். பள்ளியின் பெயரை எழுதிய பலகைக்குக் கீழே அவை தொங்கின. நான் இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

கோவிந்தனுக்குப் பதினாறு நடக்கும்போது, அவன் நடத்தை நன்றாக இருந்ததால், தவணை முடியும் முன்பே லைசென்ஸில் அனுப்ப முடிவாயிற்று. லைசென்ஸ் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். சொன்ன முதலாளியிடம் ஒழுங்காக வேலை செய்தால் வெளியிலேயே இருக்கலாம். சொல்லாமல் கொள்ளாமல் அங்கிருந்து போய்விட்டால் லைசென்ஸ் ரத்து. அவன் வயதுக்கு இங்கே திரும்ப வர முடியாது. மீதிக் காலத்தைப் பெரிய பையன்களை அடைக்கும் இடத்தில் பூட்டுக்குள் கழிக்க வேண்டும். அங்கே போய்த் திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வாணியம்பாடியில் ஒரு சாயபுவின் ஷாப்பில் இடம் கிடைத்தது. நல்ல மனிதர். பையன் எங்கிருந்து வருகிறான் என்பது அவரைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது என்று நம் சூப்பரின்டென்ட் ஐயா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நானே ரயிலில் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் அவன் கேட்டது ஒரே கேள்வி.

“அங்க எவனுக்காவது தெரிஞ்சுட்டா மேஸ்திரி?”

“தெரியாதுடா. நான் சொல்றேன் இல்ல? யாருக்கும் தெரியாது.”

அப்போது அவன் காலில் புதுச் செருப்பு இருந்தது. குறியும் இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் வாக்குக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து சூப்பரின்டென்ட் ஐயா கூப்பிட்டு அனுப்பினார். கையில் சாயபுவின் கடிதம். இரண்டு தோல் கணக்கில் குறைந்ததாகவும், அதைப் பற்றிப் பேச்சு வந்த அன்றே பையன் ஓடிவிட்டதாகவும் எழுதியிருந்தது. சனிக்கிழமை கமிட்டி கூடுகிறது, அன்றைக்கு ரிப்போர்ட்டை வைத்தாக வேண்டும், அதற்குள் பையனைத் தேடிப் பிடித்து, என்ன நடந்ததென்று விசாரித்து வாருங்கள் என்றார். அன்று புதன்கிழமை.

வாணியம்பாடிக்குப் போனபோது சாயபுவுக்கு என் முகத்தைப் பார்க்கவே சங்கடம். அந்த இரண்டு தோலும் அன்று காலை கிடைத்துவிட்டன. குழியைக் காலி செய்தபோது அடியில் ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கின்றன. குழி வேலையில் இது சகஜம். தான் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றும், ஆட்கள்தான் முந்திக்கொண்டார்கள் என்றும் சொன்னார். அவனைப் பற்றி வெளியே விட்டது யார் என்று கேட்டேன். அல்லா சத்தியமாகத் தன் வாயிலிருந்து போகவில்லை என்றார்.

அப்படியானால் பையனே உளறியிருக்க வேண்டும் என்று எனக்குக் கோபம் வந்தது. அவன் வாய்தான் நமக்குத் தெரியுமே.

மறுநாள் ஆம்பூரில் அவன் தாய் வேலை செய்யும் ஷாப்புக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவள் உலக்கையைக் கீழே வைத்தாள். முகம் முழுக்கப் பட்டைத் தூள்.

“புடிச்சிட்டுப் போகத்தானே வந்தீங்க அண்ணா?” என்றாள்.

பேசத்தான் வந்தேன் என்றேன். அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, பாலாற்றுப் பக்கம் கையைக் காட்டினாள்.

ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலில், நாணல் ஓரமாக உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்து ஓடவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தோல் கிடைத்துவிட்டது என்று சொன்னேன். தலையை ஆட்டினான். அதில் அவனுக்கு ஆச்சரியமில்லை. எடுக்கவில்லை என்பதுதான் அவனுக்குத் தெரியுமே.

“அப்ப எதுக்குடா ஓடின? நீயே வாயை விட்டுட்டு, நீயே ஓடிட்டியா?”

அவன் காலிலிருந்து ஒரு செருப்பைக் கழற்றி என் மடியில் வைத்தான். எடுத்துப் பார்த்தேன். குதிகால் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குத் தோலைக் காணோம். கத்தியால் கோணலாக அறுத்து எடுத்திருந்தது. என் கட்டைவிரல் வழக்கம் போல அந்த இடத்தைத் தேடிப் போய், வெறும் இடத்தில் நின்றது.

அப்புறம்தான் அவன் சொன்னான். அங்கே தோலை ரகம் பிரிக்கும் மாணிக்கம் என்று ஒருவர். தமாஷ் பேர்வழி. எல்லோரும் குழிக்குள் இறங்குமுன் செருப்பை ஓரமாக விடுவார்கள். ஒருநாள் மாணிக்கம் இவன் செருப்பைத் தாண்டும்போது, கைப்பழக்கத்தில் எடுத்து ஓரத்தைத் தடவியிருக்கிறார். அவர் வேலூர் கண்காட்சிக்குப் போய்வந்தவர்.

“ரெண்டு வெட்டு, ஒரு ஓட்டை. டேய், சர்க்கார் சரக்கு ஒண்ணு நம்ம ஷாப்புக்கு வந்திருக்குடா” என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னாராம்.

அன்றிலிருந்து அவன் பெயரே ‘சர்க்கார் சரக்கு’ ஆகிவிட்டது. சாப்பிட உட்கார்ந்தால் தள்ளி உட்கார்ந்தார்கள். இவன் பக்கத்தில் போனால் ஒருத்தன் மடியில் காசு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்வான். பிறகு தோல் குறைந்தது. எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு இவனைப் பார்த்தார்களாம்.

“யாரும் ஒண்ணும் கேக்கல மேஸ்திரி. கேட்டிருந்தா இல்லன்னு சொல்லி இருப்பேன். சும்மா பாத்துனே இருந்தாங்க. பேஜாராப் போச்சு. கெளம்பிட்டேன்.”

செருப்பை அவன் காலருகே வைத்தேன். இந்தக் குறி ஆகாது என்று முன்னாலேயே உனக்குத் தெரியாதா, முதல் நாளே அறுத்துப் போட்டிருக்கலாமே என்று கேட்டேன். அவன் ஆற்று மணலைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

தம்பிமார்களே, அந்த இடத்தில் என் மனம் எப்படிப் போயிற்று என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். தோல் கிடைத்துவிட்டது, மற்ற ஆட்கள் கேலி செய்தார்கள், பையன் பயந்து ஓடினான் என்று ரிப்போர்ட் கொடுத்தால் அதில் ஒரு பொய்யும் இல்லை. என் குறியைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் கேலிக்குப் பயந்து ஓடுகிறவனைக் கமிட்டி மறுபடி எங்கேயும் அனுப்பாது. இவன் வெளியே நிற்கத் தகுதியில்லை என்றுதான் எழுதுவார்கள். ஓட வைத்தது எது என்று சொன்னால்தான் அவனுக்கு வழி. அதைச் சொல்ல என்னைத் தவிர ஆள் இல்லை.

கோவிந்தனைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்குத் திரும்பினேன். சனிக்கிழமை கமிட்டி. தலைவர் ஒரு மாஜிஸ்திரேட். கூட நாலு கனவான்கள். சூப்பரின்டென்ட் ஐயா சாயபுவின் கடிதத்தைப் படித்துவிட்டு, தோல் கிடைத்துவிட்டதையும் சொன்னார். கோவிந்தன் சுவரோரம் நின்றான். ஓடினது உண்மையா என்று கேட்டார்கள். உண்மை என்றான். ஒரு கனவான், இனி யோசிக்க என்ன இருக்கிறது என்று காகிதத்தைப் புரட்டினார். மாஜிஸ்திரேட் பேனாவை மையில் தொட்டார்.

நான் கதவருகே நின்றுகொண்டிருந்தேன். கையில் துண்டில் சுற்றிய செருப்புகள். ஒன்று கோவிந்தனுடையது, ஒன்று பள்ளியில் புதிதாகத் தைத்தது. எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை, மேஜைக்கு முன்னால் நின்றேன். பெரிய மனிதர்கள் முன்னால் செருப்பை எடுத்து வைக்கலாமா? மேஜை மேல் வைக்கத் துணிவு வராமல் தரையில் துண்டை விரித்து வைத்தேன். ஒருவர் முகத்தைச் சுளித்தார். இதெல்லாம் என்ன என்று சூப்பரின்டென்ட் ஐயா எழுந்தே விட்டார்.

“ஐயா, ஓட வச்சது நான்தான்” என்றேன்.

மாஜிஸ்திரேட் பேனாவை வைத்தார். என்ன சொல்கிறாய், விளக்கமாகச் சொல் என்றார். புதுச் செருப்பை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினேன்.

“ஐயா கோபிச்சுக்கக் கூடாது. கண்ணை மூடிக்கிட்டு, இந்த ஓரத்தைக் கட்டைவிரலால தடவிப் பாருங்க.”

அவர் செருப்பை வாங்குவாரா என்று எல்லோரும் பார்த்தார்கள். வாங்கினார். கண்ணையும் மூடினார். விரல் மெதுவாக ஓரத்தில் போயிற்று. “இரண்டு பள்ளம் இருக்கிறது, அப்புறம் ஒரு துவாரம்” என்றார்.

அது என் குறி என்று சொன்னேன். வாணியம்பாடியில் குழிக்குள் நிற்கிற ஆள்கூட இதைத் தொட்டால் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுவான் என்றேன். யாருக்கும் தெரியாது என்று பையனுக்கு வாக்குக் கொடுத்ததும் நான், ஊருக்கே தெரியும்படி அவன் காலில் எழுதி அனுப்பியதும் நான் என்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். பேசி முடித்தபோது சட்டை நனைந்திருந்தது.

மாஜிஸ்திரேட் கோவிந்தனின் செருப்பையும் கேட்டு வாங்கி, அறுத்த இடத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு அவனைப் பக்கத்தில் கூப்பிட்டு, லைசென்ஸை ரத்து செய்யாவிட்டால் எங்கே போவாய், ஆம்பூரில் தாயிடமா என்று கேட்டார்.

“வாணியம்பாடிக்கே போறேங்கையா. தோல் கெடச்சதை அவங்க கண்ணு முன்னால நின்னு கேக்கணும்.”

போனான். சாயபு எல்லோரையும் கூப்பிட்டு, அவன் பக்கத்தில் நின்றுகொண்டு தோல் கிடைத்த விவரத்தைச் சொன்னாராம். மாணிக்கம் ஒரு வாரம் அவனிடம் பேசவில்லையாம். பிறகு ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் தானே நகர்ந்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாராம். ரகம் பிரிக்கும் வேலையை அவனுக்குக் கற்றுக்கொடுத்ததும் அவரே.

எனக்கு வேலை பாக்கி இருந்தது. அதே குறியோடு இன்னும் பதிமூன்று பையன்கள் வெளியே இருந்தார்கள். சூப்பரின்டென்ட் ஐயாவிடம் விலாசம் வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் கிளம்பிவிடுவேன். பேரணாம்பட்டு, குடியாத்தம், மாதனூர் என்று ஒவ்வொருத்தனாகத் தேடினேன். குறி இல்லாத ஒரு புது ஜோடியைக் கொடுத்துப் பழையதை வாங்கிக்கொள்வேன். வாங்கின செருப்புகளிலெல்லாம் குதிகால் ஓரம் வழவழவென்றிருந்தது. நடந்து தேய்ந்தது என்று நினைத்தேன். பையன்கள் ஒன்றும் சொல்லாமல் புதுச் செருப்பை வாங்கிக்கொண்டார்கள். ஒருவனை மட்டும் கண்டுபிடிக்கவே முடியவில்லை. ஏழுமலை. அவனுக்காகத் தைத்த ஜோடி என் பெட்டியிலேயே கிடந்தது. அவனைப் பார்த்த பிறகுதான் இதை எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன். வருஷங்கள் போய்விட்டன.

போன வாரம் அவன் திமிரியில் வண்டி ஓட்டுவதாகத் தகவல் கிடைத்தது. நேற்றுப் போனேன். ஆள் மீசையும் குழந்தையுமாக இருந்தான். நான் செருப்பை எடுத்து நீட்டி, வந்த காரணத்தைச் சொன்னேன். அவன் சிரித்துவிட்டான்.

“அதுவா? ஸ்டேஷனுக்குப் போற வழியிலேயே அறுத்துப் போட்டுட்டேன் மேஸ்திரி. நாங்க எல்லாரும் அப்படித்தான். உள்ள இருக்கும்போதே பேசி வச்சுக்குவோம்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடா?”

“எப்படிச் சொல்றது? நீங்க அவ்வளவு ஆசையாக் குத்துனீங்க.” பிறகு சொன்னான்: “கோவிந்தன் மட்டும்தான் அறுக்க மாட்டேன்னுட்டான். சொல்லிப் பாத்தோம். மேஸ்திரி போட்டது, இருக்கட்டும்னான்.”

அவனுக்காகத் தைத்த ஜோடி இப்போது அவன் காலுக்குச் சேரவில்லை; திரும்பி வரும் வழியெல்லாம் என் கட்டைவிரல் அந்தச் செருப்பின் குறியில்லாத வழவழப்பான ஓரத்தைத் தடவிக்கொண்டே வந்தது.

உங்களில் ஒருவர் நாளைக்கு ஒரு பையனை வெளியே அனுப்பும்போது, அவன் சட்டையில், கடிதத்தில், காலில், நீங்கள் அவனைக் கூப்பிடும் பெயரில் நம் பெருமைக்காக நாம் போட்ட குறி எதுவும் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அவனைக் கேட்டால் சொல்ல மாட்டான். உங்கள் மேல் பிரியம் உள்ளவனாக இருந்தால் நிச்சயமாகச் சொல்ல மாட்டான்.

1937-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 9-ந் தேதி, திங்கட்கிழமை.